உரலை யார் கண்டது?

டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார், வலி வேதனை ஒன்றும் இல்லை, முகம் சிரித்தபடியே இருந்தது என்று அவருடைய சொந்தக்காரப் பெண் போனில் சொன்னாள். சிரித்ததை யார் கண்டது என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன். அத்தனை வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சோற்றுப் பார்சல் பிரித்தால் அந்த நோய் எனக்கும் ஒட்டத்தானே செய்யும்.

உக்குவளையிலிருந்து மாத்தளைக்குப் போகிற பாதையில் ஒரு சந்தி. அங்கிருந்து மேடேறினால் எங்கள் பாடசாலை. அவர் சரித்திரம், நான் கணக்கு. அவர் பரம்பரை பரம்பரையாக அந்தச் சந்தியிலேயே வாழ்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். நான் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, படித்து, வேலைக்கு வந்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வாய் மட்டும்தான். எனக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதல். அவருக்குச் சத்தமே வராது, ஆனால் அந்த மெல்லிய குரலில் கேட்கிற கேள்விக்கு எதிரில் இருப்பவர் வேர்த்துப் போவார்.

ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, கன்னத்தில் எந்நேரமும் ஒரு கராம்பு. சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. பிடுங்கினால் வலி போகும் என்பதற்கு என்ன சாட்சி என்பார். பிள்ளைகளை அடிக்க மாட்டார். "அடிச்சாக்கூடப் பரவால்ல டீச்சர், அவங்க கேள்வி கேக்குறாங்க" என்று பிள்ளைகளே என்னிடம் வந்து முறையிட்டிருக்கிறார்கள்.

கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு இழுப்பார். கண்டவர் சொன்னது கோட்டுக்கு மேலே, கேட்டவர் சொன்னது கீழே. ராஜா, யுத்தம், விகாரை, கோயில், எதுவானாலும் பிள்ளைகள் எழுந்து வந்து அது மேலா கீழா என்று எழுத வேண்டும். பெரும்பாலும் மேல் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். சீகிரியா ராஜா பெற்ற தகப்பனை உயிரோடு சுவரில் வைத்துப் பூசினார் என்று ஒரு பிள்ளை சொல்லும். யார் எழுதினது என்பார். பிக்குமார் என்று பிள்ளை சொல்லும். எந்தப் பிக்குமார்? அந்த ராஜா கொடுத்த விகாரையை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று மறுத்தவர்களின் வழியில் வந்தவர்கள். "அவர் நல்லவர்னு நான் சொல்லல்ல. அவர வெறுத்தவங்கட வாயால மட்டும்தான் அவர நமக்குத் தெரியும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கராம்பை மறு கன்னத்துக்கு மாற்றுவார்.

தன் ஆட்களையும் விடமாட்டார். அவருடைய பெரிய மாமா, தங்கள் மூதாதை கண்டி ராஜாவுக்கு வைத்தியம் பார்த்தவர், அதற்காக ராஜா நிலம் கொடுத்தார் என்று கலியாண வீடுகளில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிவார். ஒரு கலியாணத்தில் பிரியாணித் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது டீச்சர் மெதுவாகக் கேட்டாராம், அந்த வைத்தியத்தில் ராஜா பிழைத்தாரா என்று. மாமா அந்தப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

சரித்திரம் என்றாலே வெட்டும் குத்தும்தான் என்று நான் அவரைக் கேலி செய்வேன். அவருக்கு அது புத்தகத்தோடு நிற்கவில்லை. ஒருமுறை ஒரு பிள்ளையின் அம்மா, கீழ்த் தோட்டத்துப் பெண், மணிக்கட்டு வீங்கி நீலம் பாய்ந்து வந்து நின்றாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். நான் ஐயோ பாவம் என்று தண்ணீர் கொடுத்தேன். டீச்சர், வழுக்கினதை யார் கண்டது என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. அந்தப் பெண் முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் நின்ற மகள் சொன்னாள், "அப்பா".

டீச்சரே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், பொலிசுக்கும் கூட்டிப் போனார். மறுநாள் அந்த ஆள் தேயிலை கவ்வாத்து வெட்டுகிற கத்தியோடு பாடசாலை கேட்டுக்கு வந்து நின்றான். ஆண் ஆசிரியர்கள் எல்லாம் திடீரென்று வகுப்பில் மும்முரமாகிவிட்டார்கள். டீச்சர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றார். அவன் வீசினான். குடை கிழிந்தது, கம்பி தெறித்தது, அவர் புறங்கையில் நீளமாக ஒரு கீறல். பிறகு பொலிஸ் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனது. கட்டுப் போட்டுக்கொண்டே டீச்சர் என்னிடம் சொன்னார், "இத நீங்க ஜன்னலால கண்டீங்க தானே? ஆரும் கேட்டா கண்டதச் சொல்லுங்க, கூட்டிச் சொல்ல வாணாம்." அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் பாசம் வந்தது என்று நினைக்கிறேன்.

இனி அந்த உரல் கதை. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்து ஊட்டுகிற கதை அது. கண்டியின் கடைசி ராஜா, தன்னை விட்டு ஓடிப்போன மந்திரியின் மேல் கோபத்தில் அவருடைய மனைவி மக்களைப் பிடித்து வந்தார். பிள்ளைகளின் தலையை வெட்டி, உரலில் போட்டு, பெற்றவளையே உலக்கையால் இடிக்கச் சொன்னார். ராஜா மதுரையிலிருந்து வந்த வம்சம். பேச்சில் தமிழ், பிறப்பில் சைவம், கட்டிக் காத்தது புத்தரின் புனிதப் பல்லை. ஆகவே சிங்களப் பிள்ளைக்கு இது தமிழ் ராஜாவின் கொடுமை. தமிழ்ப் பிள்ளைக்கு இது நம் ராஜா மேல் போட்ட பழி. முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் வாயே திறக்க மாட்டார்கள்.

எங்கள் கலைவிழாவுக்குப் பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து நாடகம் போட்டார்கள். போட்டது அந்தக் கதை. நிஜ உரலையே தூக்கி வந்து மேடையில் வைத்திருந்தார்கள். தலைக்குப் பதில் ஒரு இளநீர்க் காய், அதற்குள் சிவப்பு சர்பத். ராஜா வேஷம் போட்ட பையனுக்கு நெற்றி நிறையத் திருநீறு. உலக்கை இறங்கியதும் காய் பிளந்து, முன்வரிசையில் இருந்த பிரதம விருந்தினரின் வெள்ளைச் சட்டை வரைக்கும் சிவப்புத் தெறித்தது. சின்னப் பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். அந்தப் பிள்ளைகளோடு வந்து பின்னால் நின்ற சிங்களப் பெரியவர்களுக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. அந்தப் பையனைப் பார்த்துத் தூஷணத்தில் கத்த ஆரம்பித்தார்கள். ஒரு சோடாப் போத்தல் பறந்து வந்து அவன் புருவத்தில் பட்டது. சர்பத்துக்கு மேல் உண்மையான ரத்தம் ஓடியது. அவனும் சிங்களப் பிள்ளைதான். திருநீறு பூசிய ராஜாவை அடிக்கிற வேகத்தில் தங்கள் பிள்ளையையே அடித்துவிட்டார்கள்.

டீச்சர் மேடையில் ஏறி, அவன் புருவத்தைத் தன் கைலேஞ்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சபையைப் பார்த்துச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்டார். "இந்த உரல யாரு கண்டது?" ஒலிபெருக்கியில் அந்த மெல்லிய குரல் அன்றைக்கு நன்றாகத்தான் கேட்டது. கண்டதாக முதலில் எழுதினவர்கள் அந்த நாட்டைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு ஒரு கெட்ட ராஜா தேவைப்பட்டார், வந்து காப்பாற்றினோம் என்று சொல்ல வேண்டுமல்லவா என்றார். எல்லாரும் கூச்சல் போட்டு அவரை இறக்கிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் அந்தச் சிங்களப் பாடசாலையின் நாடக மாஸ்டர் கண் கலங்கிக் கேட்டார், உரல் பொய் என்றே வைத்துக்கொள்வோம், வெட்டுப்பட்ட பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்களா என்று. எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. டீச்சர் சொன்னார், "வரமாட்டாங்க மாஸ்டர். அந்தப் புள்ளைங்கள ராஜா கொன்னது மெய்தான், அத நான் மறுக்கல்ல. ஆனா கொன்னதோட உரலயும் சேத்துச் சொன்னாத்தான் போத்தல் பறக்குது." எனக்கு அன்றிரவு முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. பிள்ளைகள் செத்த கதையில் நின்று உரலை அளக்கிற மனசு என்ன மனசு என்று நினைத்தேன். அந்தச் சங்கடம் அவரிடம் எனக்கு முழுசாகப் போனதே இல்லை.

மாத்தளைக்கு வடக்கே இருக்கிற நாலந்தாவுக்குச் சுற்றுலா போனபோதும் அவரோடு மனஸ்தாபம். அங்கே குளக்கரையில் பழைய கற்கோயில் ஒன்று நிற்கிறது. உருவத்தில் தென்னிந்தியக் கோயில், உள்ளே புத்தர், கட்டிய ராஜா யாரென்று நிச்சயமாகச் சொல்ல ஆளில்லை. நான் கல்லைத் தொட்டுக் கும்பிட்டு, நம்ம கோயில் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன். அதே நேரம் யாத்திரை பஸ்ஸில் வந்தவர்களும் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் டிரைவரும் அவர்கள் டிரைவரும் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் என் காதோரமாகக் கேட்டார், "நம்மன்னா யாரு டீச்சர்? கட்டச் சொன்ன ராஜாவா, கல்லுத் தூக்கி முதுகு உடைஞ்சவனா?" சுருக்கென்றது. என் பாட்டன் எந்த ராஜாவுக்கும் சொந்தமில்லை, கல்லுத் தூக்கின பக்கம்தான். திரும்பி வரும் வழியில் அவர் ஒரு முட்டை ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்து என் மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாத்தளையில் வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்த கலகத்தைப் பாடமாக நடத்தும்போதும் இப்படித்தான். கலகக்காரன் என்று வெள்ளைக்காரன் எழுதினான், வீரன் என்று நாம் எழுதினோம், சரி. அன்றைக்குக் கடைவீதியில் சூறை போன கடைக்காரன் என்ன எழுதினான் என்று பிள்ளைகளைக் கேட்பார். எல்லாக் கலகத்திலும் ஒரு கடைக்காரன் இருக்கிறான், அவன் எழுதினது ஒன்றும் நம் கைக்கு வரவில்லை என்பார். அதைச் சொன்னபோது அவருக்கே தெரியாது, அந்தக் கடைக்காரன் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று.

டீச்சர் கலியாணம் முடிக்கவில்லை. தம்பி குடும்பத்தோடுதான் இருந்தார். சந்தியில் கீழே தம்பியின் செருப்பு, சப்பாத்துக் கடை, மேலே வீடு. எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கராஜ், த்ரீவீல் ஆட்டோக்களைத் திருத்துகிற இடம். அதை வைத்திருந்தவர் சிங்களவர், அந்தச் சந்தியிலேயே வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று ஊரே சொல்லும். தம்பியும் அவரும் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். தம்பி கடையில் பிளேன்டீ, கராஜ்காரர் வீட்டுச் சித்திரைப் பலகாரம், எல்லாம் ரோட்டைக் கடந்து போய்வரும்.

பிறகு கண்டிப் பக்கத்தில் முஸ்லிம் கடைகளை எரித்த அந்த வாரம் வந்தது. தம்பி கடையில் புத்தர் படம் போட்ட செருப்பு விற்கிறான் என்று போனுக்குப் போன் பரவியது. அந்தச் செருப்பை ஒருவரும் கண்டதில்லை. எங்கள் பாடசாலைப் பியோன்கூட, அப்படியாம் என்றுதான் என்னிடம் சொன்னார்.

ஊரடங்கை எடுத்திருந்த ஒரு மத்தியானம் லொறியில் வந்தார்கள். சிலர் ஹெல்மெட், சிலர் முகத்தில் துணி. இந்தக் கடைதான் என்று கைகாட்ட உள்ளூரில் ஆள் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கடையைத் தொடாமல் இதை மட்டும் எப்படி அடிப்பார்கள்? இனிச் சொல்வது நான் பிறகு கேள்விப்பட்டது. தம்பி ஷட்டரை இழுக்கப் போனார். இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தார்கள். விழுந்தவரைக் காலால் உள்ளே தள்ளி, பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்து, ஷட்டரையும் கீழே இழுத்துவிட்டார்கள். ரப்பரும் ரெக்சினும் எரிந்த அந்தக் கறுப்புப் புகையை நான் பின் தெருவில் என் வாடகை வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தேன். ஒரு மனுஷன் உள்ளே இருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தம்பியின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு பின் மதிலால் குதித்து என் வீட்டுக்குள் வந்து விழுந்தாள். டீச்சர் வரவில்லை. அவள் கத்திக் கூப்பிட்டும் அவர் மேல் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். புகை மூடிய பிறகுதான் இறங்கி வந்தார். முக்காட்டின் ஓரம் பொசுங்கி, உள்ளங்கால் வெந்து தோல் உரிந்திருந்தது. "ஏன் மதினி நின்டீங்க? என்னத்தப் பாத்தீங்க?" என்று அந்தப் பெண் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஆராவது ஒருத்தராவது பாக்கணுமே" என்றார் டீச்சர். அந்தப் பதிலை அவள் மன்னிக்கவே இல்லை.

தம்பியின் உடலைத் துணியை விலக்கிக் காட்டவில்லை. அடக்கம் செய்யக் கொண்டுபோன ஜனாஸாவைச் சுற்றிப் பொலிஸ் நின்றது.

லொறிக்காரர்கள் லொறியோடு போனார்கள். பிடிபட்டது கராஜ்காரர் மட்டும். யாரோ போனில் எடுத்த படத்தில் அவர் நடு ரோட்டில் ஒரு மஞ்சள் கேனோடு நின்றார். கராஜில் பெட்ரோல் கேனும் மஞ்சள், தண்ணீர்க் கேனும் மஞ்சள். மச்சான் மச்சான் என்று பழகினவனே ஊற்றினான் என்று சந்தி முழுக்கப் பேச்சு. பேசாதவர் டீச்சர்தான். ஜன்னலிலிருந்து பார்த்த ஒரே ஆள் அவர், ஆகவே வழக்கே அவர் வாயில் இருந்தது. அவர் 'ஊற்றினான்' என்றால் அந்த ஆள் உள்ளே போவான். சொல்லாவிட்டால் ஒரு கொலைக்கு ஒருவரும் இல்லை.

கோர்ட்டுக்கு முதல் நாள் தம்பியின் மனைவி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "நெருப்பில்லாமப் புகையுமா மதினி? அவன் அங்க கேனோட நின்டான். ஒரு வார்த்த சொல்லுங்க. என்ட புள்ளைகளுக்காகச் சொல்லுங்க." டீச்சர் அவள் தலையைத் தடவியபடி, தகரத்துக்குக் கீழே நடந்தது எனக்குத் தெரியவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடை வாசலுக்கு மேலே ஒரு தகரக் கூரை, மேல் ஜன்னலிலிருந்து பார்த்தால் அதற்குக் கீழே தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை. உரலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இது ஒன்றும் ராஜா கதை இல்லை, செத்தது உங்கள் தம்பி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஊற்றாமலா கேனோடு வந்திருப்பான் என்றும் கேட்டேன்.

"இருக்கலாம்" என்றார்.

"அப்ப சொல்லுங்களேன்."

"இருக்கலாம்ங்கறத நான் இருந்திச்சின்னு சொன்னா, செருப்புக் கத சொன்னவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் டீச்சர்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் சொல்லணும்போலதான் ஈக்கு. வயிறு எரியுது." அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

கோர்ட்டில் நானும் இருந்தேன். மஞ்சள் கேனோடு ரோட்டு நடுவில் நின்றதைக் கண்டேன், தகரத்துக்குக் கீழே போனதையோ ஊற்றினதையோ நான் காணல்ல என்று அதே மெல்லிய குரலில் சொன்னார். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தடவை சொன்னார். மற்றச் சாட்சிகள் எல்லாரும் கேள்விப்பட்டதைச் சொன்னவர்கள். கொஞ்ச நாளில் கராஜ்காரரை விட்டுவிட்டார்கள். தம்பியின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்குறணைக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். போகும்போது டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளிவாசல் பக்கத்தில் அவரோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். மாத்தளையிலிருந்து வந்த பெரிய மனுஷர் ஒருவர் என்னிடம், உங்கள் டீச்சருக்கு ரத்தமா சரித்திரமா பெரிது என்று கேட்டார்.

கரி பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அந்த மேல் வீட்டிலேயே அவர் தனியாக இருந்தார். பாடசாலை விட்டதும் நான் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அப்படி ஒரு பின்னேரம்தான் கராஜ்காரர் மனைவியோடு படியேறி வந்தார். கையில் ஒரு வெற்றிலைக் கட்டு. பெரியவர்களுக்கு நன்றி சொல்ல, மன்னிப்புக் கேட்க, வெற்றிலை கொடுத்துக் காலில் விழுவது அவர்கள் வழக்கம். வெள்ளை உடுத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த காலத்தில் அவர் பாதியாக இளைத்திருந்தார். அவர் மனைவி அழுதுகொண்டே, டீச்சர் எங்களுக்குத் தெய்வம் மாதிரி என்று சிங்களத்தில் சொன்னாள்.

டீச்சர் கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை. வெற்றிலையை வாங்கக் கையும் நீட்டவில்லை.

"கேன்ல தண்ணி டீச்சர்" என்றார் கராஜ்காரர். "சத்தியமாத் தண்ணி. நெருப்ப அணைக்கத்தான் தூக்கிட்டு ஓடியாந்தேன். மச்சான் உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியும்."

டீச்சர் அவரை நேராகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்படின்னா ஏன் ஊத்தல்ல?"

அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். அத்தனை மாதமும் தண்ணீர்தான், தண்ணீர்தான் என்று கேட்டு நம்பியவள், இதைக் கேட்டிருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கராஜ்காரருக்கு வாய் கோணியது. வெற்றிலைக் கட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பயந்துட்டேன் டீச்சர். ஊத்தப் போனேன். ஊத்துனா ஒன்னையும் சேத்து உள்ள போட்டு எரிப்போம்னு சொன்னாங்க. என் பேரச் சொல்லித்தான் சொன்னாங்க."

பெயர் சொல்லி மிரட்டினவன் லொறியில் வந்தவன் இல்லை, இந்தச் சந்தி ஆள். அது எனக்கே விளங்கியது என்றால் டீச்சருக்கு விளங்காமல் இருக்குமா? அவர் எழுந்தார். வெந்து ஆறிய காலோடு அவர் அத்தனை வேகமாக எழுந்து நான் கண்டதில்லை.

"யாரு சொன்னது?" அந்தக் குரல் உடைந்திருந்தது. "நீங்கதான் கிட்ட நின்டீங்க. முகம் தெரிஞ்சிருக்கும். யாரு மகன் அவங்க?"

கராஜ்காரர் படிக்கட்டுப் பக்கம் ஒரு அடி பின்னால் வைத்தார். ஜன்னலால் கீழே சந்தியைப் பார்த்தார். அங்கே பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது, பேக்கரி வாசலில் நாலு பேர் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் நாங்கள் பார்க்கிற ஆட்கள்தான். மனைவி அவர் கையைப் பிடித்துப் போவோம் என்று இழுத்தாள்.

டீச்சர் அவர் பின்னாலேயே படி வரைக்கும் போனார். யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்காத மனுஷி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "நான் கண்டத நான் சொன்னேன் தானே மகன். நீங்க கண்டத நீங்க சொல்லுங்க. கோர்ட்டுல வாணாம், எனக்கு மட்டும் சொல்லுங்க. என்ட தம்பிய யாரு எரிச்சது?"

கராஜ்காரர் பாதிப் படியில் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் ஒருத்தரையும் காணல்ல டீச்சர்" என்றார்.

மனைவி வெற்றிலைக் கட்டை அவர் கையிலிருந்து வாங்கிப் படியிலேயே வைத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். டீச்சர் உள்ளே வந்து, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி, தரையில் கையால் அடித்து அழுதார். நான் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.